ஆள் பார்த்து வழிவிடும் சுவர்

காலில் முள் குத்திச் சீழ் பிடித்தால் தொடையிடுக்கில் நெறி கட்டும். கடைவாய்ப் பல் சொத்தையானால் தாடைக்கடியில் கட்டும். நெறி என்று நாம் விரலால் தடவிப் பார்ப்பது வீங்கிய நிணநீர்க் கணுதான். வீங்காத நாளில் அது ஓர் அவரை விதையை விடப் பெரிதாக இருக்காது. அந்தச் சின்ன இடத்துக்குள் லிம்போசைட் எனப்படும் நோய் எதிர்ப்புச் செல்கள் இரவு பகலாக ரத்தத்திலிருந்து இறங்கிக்கொண்டே இருக்கின்றன. உடம்பிலுள்ள லிம்போசைட்டுகளில் எந்த நேரத்திலும் ரத்தத்தில் மிதப்பவை நூற்றுக்கு இரண்டு போலத்தான். மற்றவை கணுக்களிலும் மண்ணீரலிலும் குடலிலும் வேறு திசுக்களிலும் இருக்கின்றன. ரத்தப் பரிசோதனைத் தாளில் அச்சாகி வரும் எண் அந்தச் சிறு பங்கைப் பற்றியது மட்டுமே.

ரத்த ஓட்டத்தோடு அடித்துச் செல்லப்படும் ஒரு செல், வழியில் எத்தனையோ நுண்குழாய்களைத் தொட்டும் தொடாமலும் கடந்து போகிறது. பிறகு கணுவுக்குள் இருக்கும் ஒரு குழாயின் சுவரில் மட்டும் ஒட்டி நின்று, சுவரைக் கடந்து உள்ளே போகிறது. எப்படி? அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக இந்தக் கேள்விக்கு விடைகள் வந்துகொண்டிருக்கின்றன. அவற்றை ஒருசேர வைத்துப் பார்க்குமுன் என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன். பாடநூல்கள் இந்தக் கதையில் லிம்போசைட்டைக் கதாநாயகனாக்குகின்றன. சான்றுகளைக் கூட்டிப் பார்த்தால் வேலையில் பெரும்பங்கு சுவருடையது.

1950களில் லிம்போசைட் எதற்காக இருக்கிறது என்றே யாருக்கும் உறுதியாகத் தெரியாது. நிணநீரில் பெரும்பகுதியைக் கழுத்தடிச் சிரையில் கொண்டு சேர்ப்பது மார்புக் குழாய். ஒரே நாளில் அதன் வழியாக ரத்தத்துக்கு வரும் லிம்போசைட்டுகள், ரத்தத்தில் இருப்பவை அனைத்தையும் பலமுறை மாற்றிவைக்கப் போதும். ஆனாலும் ரத்தத்தில் எண்ணிக்கை ஏறுவதில்லை. வந்தவை எங்கே போகின்றன? குடலில் செத்து உதிர்கின்றன என்றார்கள் சிலர். எலும்பு மஜ்ஜைக்குப் போய் வேறு செல்களாக மாறுகின்றன என்றார்கள் வேறு சிலர். பெனிசிலினை மருந்தாக்கிய ஹோவர்ட் ஃப்ளோரி, ஆக்ஸ்ஃபோர்டின் சர் வில்லியம் டன் நோயியல் கூடத்தில் இந்தப் புதிரை ஜேம்ஸ் கோவன்ஸ் என்ற இளைஞரிடம் ஒப்படைத்தார்.

கோவன்ஸ் எலியின் மார்புக் குழாயில் மெல்லிய குழலைச் செருகி நிணநீரை நாள்கணக்கில் வெளியே வடித்தார். வடிய வடியச் செல்களின் வரத்து சரிந்துகொண்டே போனது. வடித்த செல்களை உயிரோடு அதே எலியின் சிரைக்குள் திரும்ப ஏற்றினால் வரத்து மறுபடி நிமிர்ந்தது. அப்படியானால் அவை சாகவும் இல்லை, மாறவும் இல்லை. ரத்தத்திலிருந்து நிணநீருக்கும் நிணநீரிலிருந்து ரத்தத்துக்கும் அதே செல்கள்தான் சுற்றுகின்றன. 1959ல் இது வெளியாயிற்று. 1964ல் அவரும் நைட்டும் சேர்ந்து, கதிரியக்க முத்திரையிட்ட செல்களை எலிக்குள் ஏற்றி அவை வெளியேறும் வாசலைக் கண்டுபிடித்தார்கள். கணுவின் புறணிப் பகுதியில் இருக்கும் ஒருவகை நுண்சிரைகளே அந்த வாசல்.

அந்த நுண்சிரை புதிதாகக் கண்டெடுத்த பொருள் அல்ல. 1898லேயே தோமே என்பவர் குரங்கின் நிணநீர்க் கணுவில் அதைப் பார்த்து எழுதி வைத்திருந்தார். சாயமேற்றிய கணுச் சீவலை நுண்ணோக்கியில் வைத்தால் கற்றுக்குட்டியும் அதை அடையாளம் கண்டுவிடலாம். உடம்பின் மற்ற ரத்தக் குழாய்களில் உட்சுவர்ச் செல்கள் தரையில் விரித்த பாய்போலத் தட்டையாகக் கிடக்கும். இங்கே அவை பருத்து, உயர்ந்து, குழாயின் உள்வெளியையே நெருக்கிக்கொண்டு நிற்கும். அவற்றின் உட்கரு பெரிதாக, வெளிறித் தெரியும். அந்தப் பருத்த செல்களின் இடுக்குகளில் கருத்த சிறு வட்டங்களாக லிம்போசைட்டுகள், ஒன்று பாதி நுழைந்தபடியும் இரண்டு மூன்று அடியில் சேர்ந்து கிடந்தபடியும் இருக்கும். ஆய்வாளர்கள் இந்தக் குழாயை ஹெச்இவி என்று சுருக்கிச் சொல்கிறார்கள். நாம் உயர்சுவர் நுண்சிரை என்று வைத்துக்கொள்வோம்.

லிம்போசைட் சுவர்ச் செல்லைத் துளைத்துப் போகிறதா, இரண்டு செல்களின் நடுவே போகிறதா என்று ஒரு நீண்ட வழக்கும் நடந்தது. 1964ல் மார்க்கேசியும் கோவன்ஸும் எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படங்களை வைத்துத் துளைத்தே போகிறது என்றார்கள். பின்னால் வந்தவர்களில் பலர் நடுவேதான் பெரும்பாலும் போகிறது என்று காட்டினார்கள். இரண்டும் நடக்கிறது என்பதே இன்றைய நிலை. இதில் செலவான மைக்கு ஈடான பயன் கிடைக்கவில்லை என்பது என் எண்ணம்.

பயன் தந்தது 1976ல் ஸ்டாம்பரும் உட்ரஃபும் செய்த சோதனை. அதன் எளிமை இன்றும் பொறாமைப்பட வைக்கிறது. எலியின் நிணநீர்க் கணுவை உறைய வைத்து, மெல்லிய சீவலாக அறுத்து, கண்ணாடித் தகட்டில் படியவிட்டார்கள். அதன் மேல் லிம்போசைட்டுகள் கலந்த திரவத்தை ஊற்றி, குளிர்ந்த நிலையில் மெதுவாகச் சுழற்றினார்கள். பிறகு கழுவிவிட்டுப் பார்த்தால், சீவலின் மற்ற இடமெல்லாம் ஏறக்குறைய வெறுமையாக இருக்க, உயர்சுவர் நுண்சிரைகளின் மேல் மட்டும் செல்கள் மொய்த்துக் கிடந்தன. தைமஸ் சுரப்பியிலிருந்து எடுத்த முதிராத செல்களை ஊற்றினால் அவ்வளவாக ஒட்டவில்லை. இங்கே ரத்த ஓட்டம் இல்லை. சுவரிலும் உயிர் இல்லை, அது உறைந்து அறுபட்ட தசைத் துணுக்கு போன்றது. இருந்தும் அது ஆள் பார்த்தது. யாரைப் பிடிக்க வேண்டும் என்பதற்கான அடையாளம் சுவரின் மேற்பரப்பிலேயே எழுதப்பட்டிருக்கிறது என்பதற்கு இதைவிட நேரான சான்று வேண்டியதில்லை.

அந்த எழுத்து எதில் எழுதப்பட்டிருக்கிறது? 1983ல் இரண்டு திசைகளிலிருந்து விடை வந்தது. ஸ்டான்ஃபோர்டில் காலட்டின், வைஸ்மன், புட்ச்சர் மூவரும் மெல்-14 என்ற ஆன்டிபாடியை உருவாக்கினார்கள். அதை லிம்போசைட்டின் மேல் பூசிவிட்டால் புறக் கணுக்களின் சுவரில் அது ஒட்டாது. குடலைச் சேர்ந்த பேயர் திட்டுகளின் சுவரில் மட்டும் ஒட்டும். ஆக, இடத்துக்கு இடம் பிடிமானம் வேறு. அதே ஆண்டில் சான் ஃபிரான்சிஸ்கோவில் ஸ்டூல்மனும் ரோசனும் வேறொன்றைக் கவனித்தார்கள். சில சர்க்கரைப் பொருள்களைத் திரவத்தில் கலந்தாலே ஒட்டுதல் நின்றுபோகிறது. கடற்பாசியிலிருந்து எடுக்கும் ஃபியூகாய்டன் அவற்றில் ஒன்று. 1985ல் ரோசன் குழு சுவரிலிருந்து சயாலிக் அமிலத்தை ஒரு நொதியால் சுரண்டி எடுத்தபோதும் ஒட்டுதல் போயிற்று. புரதம்தான் எல்லாவற்றுக்கும் மூலம் என்று நம்பிய காலத்தில், செல்கள் சர்க்கரையைத் தடவிப் பார்த்து வழி கண்டுபிடிக்கின்றன என்று சொல்வதற்குத் துணிச்சல் வேண்டும். 1989ல் மெல்-14 பிடித்த புரதத்தின் மரபணுவைப் பிரித்துப் படித்தார்கள். அதன் நுனியில் இருந்தது சர்க்கரையைப் பிடிக்கும் ஒரு கை. எல்-செலக்டின் என்று இன்று அதற்குப் பெயர்.

சுவர்ப் பக்கம் இன்னும் சுவையானது. 1988ல் புட்ச்சரின் குழு மெக்கா-79 என்ற ஆன்டிபாடியைக் கொண்டு உயர்சுவர் நுண்சிரைகளை மட்டும் தனியே நிறமூட்டிக் காட்டியது. அது பிடிப்பது சல்ஃபேட் ஏறிய ஒரு சர்க்கரைக் கிளை. எல்-செலக்டினுக்கோ சல்ஃபேட்டோடு சயாலிக் அமிலமும் ஃபியூகோஸும் சேர்ந்து, குறிப்பிட்ட அடுக்கில் அமைய வேண்டும். அந்தக் கிளையைச் சுமக்கும் புரதங்கள் பல. அவற்றில் ஒன்றான சிடி34 உடம்பெங்கும் ரத்தக் குழாய்ச் சுவர்களில் உண்டு. மஜ்ஜையின் மூலச் செல்களிலும் உண்டு. மற்ற இடங்களில் இருக்கும் சிடி34ஐ எல்-செலக்டின் சட்டை செய்வதில்லை. கணுவின் சுவர்ச் செல்லில் சல்ஃபேட் ஏற்றும் நொதிகள் இருப்பதால் அங்கே மட்டும் அதே புரதம் வேறு வேஷம் கட்டுகிறது. 2005ல் அந்த நொதிகளில் இரண்டை நீக்கிய சுண்டெலிகளைப் பார்த்தபோது, புறக் கணுக்களுக்குள் நுழையும் லிம்போசைட்டுகள் ஏறக்குறைய முக்கால்வாசி குறைந்திருந்தன. லிம்போசைட்டில் யாரும் கை வைக்கவில்லை. மாற்றியது சுவரின் நொதிகளை மட்டுமே.

எல்-செலக்டினின் இந்தப் பிடி மிகவும் தளர்வானது, ஒரு நொடிகூட நிற்காதது. ஒன்று விடும்போது அடுத்தது பிடிக்கும், அதனால் செல் சுவரோரமாக உருண்டுகொண்டே போகும். வெள்ளணுக்கள் இப்படி உருள்வதைத் தவளையின் உயிருள்ள குழாய்களில் 19ஆம் நூற்றாண்டிலேயே பார்த்துவிட்டார்கள். அதன் பொருள் விளங்கியது 1991ல்தான். லாரன்ஸும் ஸ்பிரிங்கரும் கண்ணாடியில் செயற்கைச் சவ்வு பூசி, அதன் மேல் நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுக்களை ஓடவிட்டார்கள். செலக்டின் மட்டும் பூசிய தளத்தில் அவை உருண்டன, நிற்கவில்லை. ஐகேம்-1 என்ற சுவர்ப் புரதம் மட்டும் பூசிய தளத்தில், ஓட்டம் இருந்தால் ஒட்டவே இல்லை. இரண்டும் இருந்து, செல்லும் தூண்டப்பட்டால், உருண்டு வந்தது நின்றது. மெதுவாக்க ஒன்று, நிறுத்த மற்றொன்று என்ற பிரிவினை அன்று தெளிவாயிற்று.

எல்-செலக்டினின் இன்னொரு குணம் பொது அறிவுக்கே ஒவ்வாதது. ரத்த ஓட்டம் மிகவும் குறைந்தால் உருளல் நின்று செல் கழன்றுவிடும். ஓட்டம் ஓரளவு கூடினால் பிடி நன்றாகும். சுருக்கு முடிச்சு இழுக்க இழுக்க இறுகுவதைப் போல, இழுவிசை பட்டால்தான் இந்தப் பிணைப்பின் ஆயுள் கூடுகிறது. 2003க்குப் பிறகு தனி மூலக்கூறு அளவில் இதை அளந்து காட்டினார்கள். ஓட்டம் தேங்கிய குழாயில் செல்கள் வீணாக ஒட்டி அடைத்துக்கொள்ளாமல் இருக்க இது உதவுகிறது என்பது ஒரு விளக்கம். எனக்கு இது நம்பத்தக்கதாகவே படுகிறது.

உருளும் செல்லுக்கு நின்றுவிடு என்று ஆணை கொடுப்பது கீமோகைன் என்ற சிறு புரதம். புறக் கணுவில் டி செல் என்ற லிம்போசைட் வகைக்கு அந்த ஆணை சிசிஎல்21. அதைக் கேட்கும் காது சிசிஆர்7. ஆணை கிடைத்ததும், மடங்கிக் கிடந்த எல்எஃப்ஏ-1 என்ற இன்டக்ரின் வகைப் புரதம் நிமிர்ந்து சுவரிலுள்ள ஐகேம்களை இறுகப் பற்றுகிறது. ஃபோன் ஆண்ட்ரியன் சுண்டெலியின் தொடையிடுக்குக் கணுவை உயிரோடு நுண்ணோக்கியின் கீழ் வைக்கும் முறையை வகுத்தார். 1998ல் அவர் புட்ச்சரின் குழுவோடு சேர்ந்து ஒவ்வொரு படியையும் தனித்தனியே தடுத்துப் பார்த்தார். எல்-செலக்டினைத் தடுத்தால் உருளல் இல்லை. கக்குவான் நச்சால் கீமோகைன் சமிக்ஞையைத் தடுத்தால் உருளல் உண்டு, நிற்றல் இல்லை. எல்எஃப்ஏ-1ஐத் தடுத்தாலும் அப்படியே. 1999ல் சிசிஆர்7 இல்லாத சுண்டெலிகளில் கணுக்களுக்குள் டி செல்கள் பெருமளவில் குறைந்திருந்ததைக் கண்டார்கள்.

சிசிஎல்21ஐச் சுண்டெலியின் சுவர்ச் செல்களே தயாரிக்கின்றன. அதன் உறவுக்காரப் புரதமான சிசிஎல்19ஐச் சுவருக்கு உட்புறமுள்ள செல்கள் சுரக்கின்றன. சுவர்ச் செல் அதை முதுகுப் பக்கம் வாங்கி, தனக்குள் கடத்தி, ரத்தப் பக்கம் காட்சிக்கு வைக்கிறது. கணுவுக்குள் நடக்கும் சங்கதியைச் சுவர் வெளியே அறிவிக்கிறது என்றே இதைப் புரிந்துகொள்ள வேண்டும்.

சர்க்கரை, கீமோகைன், இன்டக்ரின் ஒவ்வொன்றும் உடம்பில் வேறு பல இடங்களிலும் கிடைப்பவைதான். மூன்றும் வரிசையாக, சில நொடிகளுக்குள், ஒரே சுவரில் வாய்த்தால்தான் செல் நிற்கும். புட்ச்சர் 1991லும் ஸ்பிரிங்கர் 1994லும் முன்வைத்த இந்தக் கூட்டுக் குறியீட்டுக் கருத்து இன்றுவரை தாக்குப் பிடிக்கிறது. பேயர் திட்டில் மேட்கேம்-1 என்ற சுவர்ப் புரதமும் செல்லின் ஆல்ஃபா4-பீட்டா7 இன்டக்ரினும் சேர்ந்து வேறொரு சேர்க்கையை அமைக்கின்றன. மண்ணீரல் மட்டும் இந்தக் கணக்கில் அடங்காது. அங்கே உயர்சுவர் நுண்சிரை இல்லை. ரத்தமே திசுவுக்குள் திறந்துவிடப்படுகிறது.

இந்தச் சேர்க்கை பழுதுபட்டால் என்னாகும் என்பதைச் சில குழந்தைகளின் நோய் காட்டியிருக்கிறது. தொப்புள்கொடி வாரக்கணக்கில் விழாமல் இருக்கும். தொற்று வந்தாலும் சீழ் கட்டாது. ரத்தத்தில் வெள்ளணுக்கள் எக்கச்சக்கமாக இருக்கும். வெள்ளணு ஒட்டுதல் குறைபாடு என்ற இந்த நோயின் முதல் வகையில் இன்டக்ரினின் ஒரு பாதியே பழுது. இரண்டாம் வகை 1992ல் விவரிக்கப்பட்டது. அதில் ஃபியூகோஸ் சர்க்கரையை உரிய இடத்துக்குக் கொண்டுசேர்க்கும் கடத்தி பழுது. மூன்றாவதில் இன்டக்ரினை நிமிர்த்தும் கிண்ட்லின்-3 பழுது. சோதனைச்சாலைப் படிகள் ஒவ்வொன்றுக்கும் மனித உடலில் ஒரு சாட்சி கிடைத்துவிட்டது. ஆனால் இந்தக் குழந்தைகளை முதலில் வாட்டுவது நியூட்ரோஃபில்களின் முடக்கம். லிம்போசைட்டுகள் மாற்று வழிகளைத் தேடிக்கொள்கின்றன.

இனிச் சுவரின் சொந்தக் கதை. 1980களில் ஹெண்ட்ரிக்ஸும் உடன் பணியாற்றியவர்களும் கணுவுக்குள் நிணநீர் கொண்டுவரும் குழாய்களை வெட்டிவிட்டுக் காத்திருந்தார்கள். ரத்த ஓட்டம் அப்படியே இருந்தது. ஆனால் சில வாரங்களில் உயர்ந்த சுவர்ச் செல்கள் தட்டையாயின, லிம்போசைட் வரத்து விழுந்தது. 2004ல் சுவர்ச் செல்களைத் தனியே பிரித்துக் கிண்ணத்தில் வளர்த்தபோது இரண்டே நாளில் தங்கள் அடையாளங்களை இழந்து, சாதாரணக் குழாய்ச் செல்கள் போலாயின. 2011ல் மூசியோனும் ஜிரார்டும் டென்ட்ரைட்டிக் செல்கள் தரும் லிம்போடாக்சின் சமிக்ஞையே இந்தச் சுவரைச் சுவராக வைத்திருக்கிறது என்று காட்டினார்கள். தோலிலிருந்தும் குடலிலிருந்தும் செய்தி சுமந்து வருபவை அந்த டென்ட்ரைட்டிக் செல்கள்தான். செய்தி வராத கணு தன் வாசலையே மூடிக்கொள்கிறது.

இத்தனை செல்கள் நுழையும் சுவரில் ரத்தம் ஏன் கசிவதில்லை? 2013ல் இதற்கும் விடை கிடைத்தது. குழாயைச் சுற்றியிருக்கும் வலைச் செல்களின் போடோபிளானின் என்ற புரதம், தப்பி வரும் ரத்தத் தட்டணுக்களைத் தூண்டுகிறது. அவை வெளியிடும் எஸ்1பி என்ற கொழுப்புப் பொருள் சுவர்ச் செல்களின் இணைப்பை இறுக்குகிறது. போடோபிளானின் இல்லாத சுண்டெலிகளின் கணுக்களில் ரத்தம் கசிந்து நின்றது. உள்ளே இடமில்லாதபோது செல்கள் சுவருக்குள்ளேயே சிறு பைகளில் காத்திருப்பதும் 2011ல் படமாகியது.

எஸ்1பிக்கு வேறொரு வேலையும் உண்டு. கணுவைவிட நிணநீரிலும் ரத்தத்திலும் அது அதிகம். அந்த ஏற்றத்தைத் தொடர்ந்துதான் லிம்போசைட் கணுவை விட்டு வெளியேறும். தொற்று நேரத்தில் சிடி69 என்ற புரதம் இந்த உணர்வைச் செல்லில் அணைத்துவிடுகிறது. வாசலில் வரத்து கூடி, புறவாசல் அடைபட்டால் கணு வீங்காமல் என்ன செய்யும்? 2010ல் அனுமதி பெற்ற ஃபிங்கோலிமோட் மாத்திரை இதே புறவாசலை அடைத்து, மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோயில் லிம்போசைட்டுகளைக் கணுக்களுக்குள் சிறை வைக்கிறது. நேர்மாறாக, ஒருவகை ரத்தப் புற்றில் இப்ரூட்டினிப் மருந்து தொடங்கிய வாரங்களில் நெறிகள் வற்றும், ரத்தத்தில் லிம்போசைட் எண்ணிக்கை மட்டும் ஏறும். நோய் முற்றிவிட்டது என்று நோயாளி பதறுவார். புற்றுச் செல்கள் பிடி தளர்ந்து வெளியே கொட்டுவதுதான் அந்த ஏற்றம்.

ஒட்டுதலையே தடுக்கும் மருந்துகளின் வரலாறு என் கட்சிக்கு உரமூட்டுகிறது. ரோசனிடம் பயின்ற யெட்னாக் 1992ல் ஆல்ஃபா4 இன்டக்ரினைத் தடுத்தால் எலிகளின் மூளை அழற்சி தணிவதைக் காட்டும் ஆய்வை முன்னின்று செய்தார். அதிலிருந்து பிறந்த நடாலிசுமாப் 2004 நவம்பரில் அமெரிக்காவில் சந்தைக்கு வந்தது. 2005 பிப்ரவரியில் நிறுத்தப்பட்டது. 2006ல் கட்டுப்பாடுகளோடு திரும்பியது. நிறுத்தியதற்குக் காரணம், ஜேசி வைரஸ் மூளையைத் தின்னும் பிஎம்எல் என்ற அரிய நோய். மூளைக்குக் காவல் போகும் செல்களும் சேர்ந்தே தடுக்கப்பட்டுவிட்டன. சொரியாசிஸுக்கு வந்த இஃபாலிசுமாப், எல்எஃப்ஏ-1ஐத் தடுத்தது. எல்எஃப்ஏ-1 எல்லா வாசலிலும் வேலை செய்வது. அதே பிஎம்எல் நோயால் 2009ல் இஃபாலிசுமாப் திரும்பப் பெறப்பட்டது. 2014ல் வந்த வெடோலிசுமாப் ஆல்ஃபா4-பீட்டா7ஐ மட்டும் தடுக்கிறது. அதற்கான சுவர்ப் புரதமான மேட்கேம்-1 பெரும்பாலும் குடலில்தான் உண்டு. குடல் அழற்சி நோய்களில் அது பரவலாகப் பயன்படுகிறது. பிஎம்எல் அதற்குப் பெரும் தடையாக எழவில்லை. மூன்றும் செல்லின் மேல் ஒட்டும் ஆன்டிபாடிகளே. எது பாதுகாப்பானது என்பதைத் தீர்மானித்தது, எதிரே இருக்கும் சுவர் எவ்வளவு குறுகிய இடத்தில் இருக்கிறது என்பதே.

இதெல்லாம் பெரும்பாலும் சுத்தமான கூண்டில் வளர்ந்த சுண்டெலியின் கணு சொன்ன கதை என்பதை மறக்கக் கூடாது. நாற்பது வயது மனிதரின் கணு எத்தனையோ காய்ச்சல்களைப் பார்த்தது. அதன் சுவர் எத்தனை முறை பருத்து இளைத்திருக்கும் என்பதைப் பின்தொடர்ந்து பார்க்கும் வழி அரிது.

இப்போது ஆர்வம் புற்றுக்கட்டிகளின் பக்கம் திரும்பியிருக்கிறது. மெக்கா-79 ஏற்கும் குழாய்கள் மார்பகப் புற்றில் இருப்பதை 2011ல் ஜிரார்டின் குழு எழுதியது; அவை மிகுந்த கட்டிகளில் லிம்போசைட்டுகளும் மிகுந்திருந்தன, நோயாளிகளின் நிலையும் மேலாக இருந்தது. குழாய் வளர்ச்சியைத் தடுக்கும் மருந்தையும் நோய் எதிர்ப்பின் தடையை நீக்கும் மருந்தையும் சேர்த்துக் கொடுத்து, சுண்டெலிக் கட்டிகளில் இத்தகைய சுவரை வளர்க்க முடியும் என்று 2017ல் காட்டினார்கள். ஆனால் இதே சுவர் முடக்குவாத மூட்டிலும், ஹாஷிமோட்டோ நோயின் தைராய்டிலும், உமிழ்நீர்ச் சுரப்பியை வற்றவைக்கும் ஷோக்ரன் நோயிலும் தானாக முளைக்கிறது. அங்கெல்லாம் அது கேடு செய்வது. கட்டியில் மட்டும் சுவர் எழ வேண்டும், மூட்டிலும் தைராய்டிலும் எழக்கூடாது என்றால், எங்கே எழ வேண்டும் என்று சுவருக்குச் சொல்லும் சமிக்ஞை எது என்பதை இன்னும் நுணுக்கமாகப் பிரித்தறிய வேண்டும். அடுத்த கட்ட ஆய்வுப் பணத்தை லிம்போசைட்டின் புதிய மூலக்கூறுகளைத் தேடுவதில் கொட்டுவதைவிட இதில் போடுவது நல்லது.